கோடையில் தில்லி யாத்திரை

வருஷப் பரீட்சைகள் முடிந்து பள்ளிக்கூடங்களின் கதவுகள் சாத்தப்பட்டதும், தமிழ்நாட்டில் வசதியுள்ள குடும்பங்களிலெல்லாம் ஒரே பேச்சுத்தான் அடிபடுகிறது. 'இவ்வருஷம் எங்கே போவது?' என்பதே அப்பேச்சு. உதகைக்கும் கொடைக்கானலுக்கும் போய் அலுத்தவர்கள், 'தேசத்தின் தலைநகரைப் பிள்ளைகளுக்குக் காட்டிவிட்டு வருவோம்' என்று தீர்மானிக்கிறார்கள். அந்த எண்ணம் மெச்சத்தக்கது என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் எண்ணம் நல்லதாயிருந்தால் மட்டும் போதாது. அதை நிறைவேற்றும் முறையும் நல்லதாயிருத்தல் வேண்டும். அம்முறையைப் பற்றியே இன்று நேயர்களோடு சிறிது யோசிக்க விரும்புகிறோம்.

முதலில் ஒரு வேடிக்கையைக் கவனியுங்கள். இத்தேசத்தை ஆண்ட வெள்ளைக்காரர்கள், 1864-ஆம் வருஷம் முதல் சிம்லாவைக் கோடைத் தலைநகராக வைத்துக் கொண்டார்கள். வெயில் ஏறத் தொடங்கியதும் வைசிராயும், அவருடைய காரியதரிசிகளும், குமாஸ்தாக்களும், கட்டுக் கட்டாகத் தஸ்தாவேஜுகளும் மலையேறிவிடுவது வழக்கம். 1911 டிசம்பர் 12-ந் தேதி தர்பாரில், கல்கத்தாவிலிருந்து தலைநகரைத் தில்லிக்கு மாற்றுவதாக ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் பிரகடனம் செய்தார். 1931-ஆம் வருஷம் புது தில்லி கோலாகலமாகத் திறந்து வைக்கப்பட்டது. அப்படிப் பெரும் பொருட் செலவில் கட்டிய நகரத்திலேயே அவர்கள் கோடையில் தங்கச் சம்மதிக்கவில்லை. ஆளவந்தவர்கள் எந்த மாதத்தில் தில்லியை விட்டு ஓடினார்களோ, அந்த மாதத்திலேயே நம்மவர்கள் குழந்தை குட்டிகளோடு தில்லிக்கு வண்டியேறுகிறார்கள்!

இது பரிகாசத்துக்காகச் சொல்வதன்று. மே, ஜூன் மாதங்களில் தில்லியில் 'லூ' என்னும் அனற்காற்று வீசும். 2024 மே மாதக் கடைசியில் நகரின் பிரதான வானிலை நிலையத்திலேயே உஷ்ணம் 46 டிகிரியைத் தாண்டிற்று. பருவமழை அங்கே வழக்கமாக ஜூன் மாதக் கடைசியில்தான் எட்டிப் பார்க்கும். சென்னை வெயிலில் பழகியவர்களுக்கு இது பொருட்டல்ல என்று நினைப்பவர்கள் ஏமாந்து போவார்கள். நமது வெயில் வியர்க்க வைக்கும்; தில்லி வெயிலோ வியர்வையையும் உடனே உறிஞ்சிவிடும். தாகம் தெரிவதற்கு முன்பே தேகம் வறண்டு போகும்.

சென்ற சில வருஷங்களுக்கு முன் நமது நண்பர் ஒருவர், வயோதிகத் தாயாரையும் இரண்டு சிறு பிள்ளைகளையும் அழைத்துக் கொண்டு ஒரு சுற்றுலா ஏற்பாட்டாளரின் பஸ்ஸில் தில்லி பார்க்கச் சென்றார். ஒரே பகலில் ஒன்பது இடங்கள் என்பது பேச்சு. அன்று திங்கட்கிழமை. செங்கோட்டையின் வாயில் சாத்தியிருந்தது. மியூசியத்தின் வாயிலும் சாத்தியிருந்தது. இந்தியா கேட்டின் எதிரே நண்பகலில் இருபது நிமிஷம் நிறுத்தினார்களாம். மாலையில் தாயாருக்கு மயக்கம். மறுநாள் மூத்த பையனுக்கு ஜுரம். திரும்பி வந்த பையனிடம், 'தில்லியில் என்ன பார்த்தாய்?' என்று கேட்டோம். 'பஸ்ஸின் ஜன்னலைப் பார்த்தேன்' என்றான். அந்தப் பதிலை நாம் இன்னும் மறக்கவில்லை. திங்கட்கிழமையில் அவ்விடங்கள் மூடியிருக்கும் என்பதைப் பணம் வாங்கியவர் சொல்லவில்லை. பணம் கொடுத்தவரும் கேட்கவில்லை. குற்றம் இருதரப்பிலும் உண்டு.

தலைநகரம் என்பது கண்காட்சிச் சாலையன்று. அது பிரஜைகளாகிய நமது சொத்து. சொந்தக்காரன் தன் நிலத்தைப் பார்வையிடச் செல்வதற்கும், வழிப்போக்கன் வேலிக்கு வெளியே நின்று எட்டிப் பார்ப்பதற்கும் வித்தியாசம் இல்லையா? குதுப்மினாரின் உயரம் ஏறக்குறைய 73 மீட்டர் என்பதைப் பையன் புஸ்தகத்திலேயே படித்துக் கொள்ளலாம். அவன் நேரில் காணவேண்டியவை வேறு. 1929 ஏப்ரல் 8-ந் தேதி பகத்சிங்கும் படுகேசுவர தத்தரும், செவிட்டு அரசாங்கத்தின் காதில் விழும்படி குண்டு வீசிய சபை எந்தக் கட்டடத்தில் இருந்தது? 1946 டிசம்பர் 9-ந் தேதி கூடி, 1949 நவம்பர் 26-ந் தேதி நமது அரசியற் சட்டத்தை ஏற்றுக்கொண்ட அரசியல் நிர்ணய சபை எந்த மண்டபத்தில் அமர்ந்தது? வட்ட வடிவமான பழைய பார்லிமெண்டுக் கட்டடத்தைக் காட்டி இவற்றைச் சொல்ல வேண்டும். 2023 மே மாதத்தில் திறக்கப்பட்டு, அதே வருஷம் செப்டம்பர் முதல் சபைகள் கூடிவரும் புதிய கட்டடம் பக்கத்திலேயே நிற்கிறது. சபை நடக்கும் காலத்தில் அங்கத்தினர் ஒருவரின் சிபாரிசு பெற்றால் மாடத்தில் அமர்ந்து நடவடிக்கைகளைப் பார்க்கலாம். வாக்களிக்கும் வயதை நெருங்கும் பிள்ளைக்கு இதைவிட மேலான பாடம் எது?

செங்கோட்டையையே எடுத்துக் கொள்வோம். அது ஷாஜகானின் சலவைக்கல் மாத்திரமன்று. 1858-இல் கிழட்டுச் சக்கரவர்த்தி பகதூர்ஷாவைக் குற்றவாளியாக நிறுத்தி விசாரித்ததும் அங்கேதான். 1945-இல் இந்திய தேசிய ராணுவத்தின் அதிகாரிகளை நிறுத்தி விசாரித்ததும் அங்கேதான். பூலாபாய் தேசாய் எழுந்து, அடிமைப்பட்ட ஜாதிக்குத் தன் விடுதலைக்காகப் போர் தொடுக்கும் உரிமை உண்டு என்று வாதித்தது, வக்கீல் தொழிலிலுள்ள நம் போன்றார்க்கு என்றும் பெருமை தருவதாகும். அந்தப் படையிலே மலேயாத் தோட்டங்களிலிருந்து சேர்ந்த தமிழர் எத்தனையோ பேர்! அவர்களை நினையாமல் அக்கோட்டையைச் சுற்றிவரும் தமிழன், தன் பாட்டன் வீட்டை அடையாளம் தெரியாமல் கடந்து போகிறவனே ஆவான்.

மகாத்மா தம் கடைசி 144 நாட்களைக் கழித்த பிர்லா மாளிகை இன்று காந்தி ஸ்மிருதியாக விளங்குகிறது. 1948 ஜனவரி 30-ந் தேதி அவர் பிரார்த்தனைக்கு நடந்த கடைசி அடிகளைக் கல்லிலே குறித்து வைத்திருக்கிறார்கள். அங்கே பிள்ளைகளை வாய்பேசாமல் அந்தத் தூரம் நடக்கச் சொல்லுங்கள். வேறு உபந்நியாசம் தேவையில்லை. 340 அறைகள் கொண்ட ராஷ்டிரபதி பவனத்தைப் பார்ப்பவர்கள், வைசிராய்க்கென்று கட்டிய அம்மாளிகையில் ராஜாஜி கவர்னர் ஜெனரலாக வசித்ததையும், பின்னர் திருத்தணியிற் பிறந்த ராதாகிருஷ்ணனும், ஆர். வெங்கட்ராமனும், ராமேசுவரத்து அப்துல் கலாமும் ராஷ்டிரபதிகளாக வசித்ததையும் ஞாபகத்தில் வைத்துக் கொண்டு உள்ளே செல்லட்டும்.

'சரி, விடுமுறை கோடையில்தானே வருகிறது. நாங்கள் என்ன செய்வது?' என்று நேயர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. கோடையில்தான் போகவேண்டும் என்றால், ஏற்பாடு வேறு விதமாயிருக்கட்டும். ஏறக்குறைய 2,200 கிலோமீட்டர் ரயில் பிரயாணம். முப்பது மணி நேரத்துக்கு மேலாகும். 2024 நவம்பர் முதல் அறுபது நாட்களுக்கு முன்புதான் டிக்கட்டுப் பதிவு செய்ய முடியும் என்று ரயில்வேயார் விதித்திருப்பதால், மே மாதப் பிரயாணத்தை மார்ச்சிலேயே தீர்மானித்துவிட வேண்டும். தில்லியில் ஐந்து நாட்களாவது தங்க வேண்டும். கோட்டையும் கோபுரமும் விடியற்காலையில். பகல் பதினொன்று முதல் நான்கு வரையில் நிழலுள்ள கூடங்களில். தேசிய மியூசியத்தில் மொகஞ்சதாரோவின் நடனப் பெண்ணையும், நமது சோழர் காலத்துச் செப்புத் திருமேனிகளையும் நின்று நிதானித்துப் பார்க்க ஒரு பகல் முழுதும் போதாது. 2002-இல் தொடங்கிய மெட்ரோ ரயில் இன்று செங்கோட்டை வாசல்வரை செல்கிறது. அதிகச் செலவின்றி வெயிலுக்குத் தப்பலாம். திங்கட்கிழமையைப் பிரயாணத்துக்கு ஒதுக்கிவிடுங்கள். கைக்குழந்தைகளையும் மூப்பெய்தியவர்களையும் கட்டாயப்படுத்தி இழுத்துச் செல்லாதீர்கள். இவற்றையெல்லாம் தீர்மானிக்குமுன் வீட்டுப் பெண்மணிகளைக் கலந்து கொள்ளுங்கள். வெயிலில் தண்ணீர்ச் செம்பைச் சுமப்பவர்கள் அவர்களே.

ஆயினும் நமது முடிவான அபிப்பிராயம் இதுவே: கூடுமானால் காலாண்டு விடுமுறையை ஒட்டிப் போவதே உத்தமம். அக்டோபர் தொடக்கத்தில் வெயில் தணிந்திருக்கும். புகை மண்டும் நாட்களும் வந்திரா. பார்லிமெண்டு நடப்பதைப் பார்க்க விரும்புகிறவர்கள் கூட்டத் தொடரின் தேதியை விசாரித்துக் கொண்டு புறப்பட வேண்டும். மே மாதத்தில் பெரும்பாலும் சபை கூடுவதில்லை. ஆளில்லாத மண்டபத்தைப் பார்த்துவிட்டு ஜனநாயகத்தைப் பார்த்ததாகச் சொல்லிக் கொள்வதில் பயனென்ன?

அதிகாரிகளுக்கும் ஒரு வார்த்தை. தென்கோடியிலிருந்து இரண்டு நாள் பிரயாணம் செய்து வரும் பிரஜைக்குத் தன் தலைநகரில் தன் பாஷையில் வழிகாட்டும் ஒரு பலகையும், ஒரு சிறு புஸ்தகமும், நிழலும் குடிநீரும் கேட்க உரிமை உண்டு. 1946 முதல் அங்கே தொண்டாற்றி வரும் தில்லித் தமிழ்ச் சங்கம் போன்ற ஸ்தாபனங்களின் உதவியோடு இதைச் செய்வது கடினமன்று. நமது பார்லிமெண்டு அங்கத்தினர்களும், தொகுதியிலிருந்து வரும் மாணவர்களுக்குச் சிபாரிசுச் சீட்டு வழங்குவதைத் தயவென்று எண்ணாமல் கடமையென்று எண்ண வேண்டும்.

கடைசியாக ஒன்று. ஜயசிங் மகாராஜா கட்டிய ஜந்தர் மந்தர் வானசாஸ்திரக் கூடத்தை எல்லோரும் படமெடுத்துக் கொள்கிறார்கள். 2017-இல் மார்ச்சு முதல் ஏப்ரல் வரை, தமிழ்நாட்டு விவசாயிகள் கடன் தள்ளுபடி கோரி 41 நாட்கள் வெயிலிலே கிடந்தது அதன் பக்கத்துத் தெருவில்தான். அவர்களும் தலைநகருக்குத்தான் போனார்கள். ஆனால் வேடிக்கை பார்க்கப் போகவில்லை. பிள்ளைகளை அங்கே அழைத்துச் செல்லும் நேயர்கள் கூடத்தைக் காட்டியபின் அந்தத் தெருவையும் காட்டட்டும். இரண்டையும் பார்த்தவனே தில்லியைப் பார்த்தவன்.