துருப்பிடித்த எலி கார்!

ஒரு கார். உடம்பெல்லாம் துரு. சக்கரங்களுக்கு மேல் மட்கார்டு இல்லை. என்ஜினுக்கு மேல் மூடி இல்லை. யாரோ மேலே ஏறி உட்கார்ந்து அமுக்கியதுபோல், கூரை தாழ்ந்து கிடக்கிறது. கதவுக் கைப்பிடிக்குப் பதில் ஒரு ஸ்பானர். பெட்ரோல் டாங்குக்குப் பதில் பீர் பீப்பாய்!

"பேரீச்சம்பழத்துக்குப் போடவேண்டிய கார்" என்றுதானே தோன்றும்?

அமெரிக்காவில் இதை ஆசை ஆசையாகச் செய்கிறார்கள். "ரேட் ராட்" என்று பெயர். "ரேட்" என்றால் எலி. நாம் "எலி கார்" என்று சொல்லிக் கொள்ளலாம். பழைய காரை வாங்குவார்கள். வெட்டுவார்கள், ஒட்டுவார்கள். வேறு என்ஜினைத் தூக்கி வைப்பார்கள். பெயிண்டு மட்டும் அடிக்கமாட்டார்கள்.

"இது பைத்தியக்காரத்தனம்" என்று சிலர் சிரிக்கிறார்கள். நான் சிரிக்கமாட்டேன். இதற்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது.

வாலிபர்களின் கார்

போர்டு மோட்டார் கம்பெனி, 1927 முதல் 1931 வரை "மாடல் ஏ" என்ற காரைச் செய்தது. சுமார் 48 லட்சம் கார்கள் வெளிவந்தன. கூரை போட்ட, இரண்டு கதவுள்ள செடான் காரின் விலை சுமார் 500 டாலர்தான்.

சில ஆண்டுகளில் இந்தக் கார்கள் பழசாகி, மலிவாகக் கிடைத்தன. கலிபோர்னியாவின் தென்பகுதி வாலிபர்கள் அவற்றை வாங்கினார்கள். அங்கே வறண்ட ஏரிகள் உண்டு. தரை பலகைபோல் சமமாக இருக்கும். அதில் பந்தயம் விட்டார்கள்.

வேகம் வேண்டுமானால் எடை குறையவேண்டும். ஆகவே மட்கார்டைக் கழற்றினார்கள். காற்று தடுக்காமல் இருக்கக் கூரையைத் தாழ்த்தினார்கள். அழகுக்காக அல்ல, வேகத்துக்காக! கையில் காசு இல்லாததால், பெயிண்டு பிறகு பார்த்துக் கொள்ளலாம் என்று விட்டார்கள். 1945-ல் யுத்தம் முடிந்தது. பட்டாளத்தில் மெக்கானிக் வேலை பழகியவர்கள் ஊர் திரும்பினார்கள். இந்த மோகம் இன்னும் பரவியது. "ஹாட் ராட்" என்று பெயர் பெற்ற கார்கள் இவைதாம்.

பிறகு பணம் வந்தது. 1950-ல் ஆக்லாந்து நகரில் இந்தக் கார்களுக்குக் கண்காட்சி வைத்து, அழகான காருக்குப் பரிசு கொடுத்தார்கள். பளபளக்கும் பெயிண்டு, கண்ணாடிபோல் மின்னும் முலாம் எல்லாம் சேர்ந்தன. நாளடைவில், ரோட்டில் ஓட்டினால் தூசி படியுமே என்று பயந்து, காரை இன்னொரு வண்டியில் ஏற்றிக் கொண்டுபோகும் நிலை வந்தது. கார் எதற்கு? ஓட்டத்தானே!

இதற்கு எதிர்ப்பாகத்தான் எலி கார் பிறந்தது. 1990-க்குப் பிறகு அந்தப் பெயர் பரவியது. கேலிக்கு வைத்த பெயர். கார்க்காரர்களோ அதையே பட்டமாக எடுத்துக் கொண்டார்கள்.

சரி, இது வரை எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் இப்போது கடையில் புதுத் தகடு வாங்கி, உப்பு நீரும் வினிகரும் தெளித்துத் துருப்பிடிக்க வைக்கிறார்களாம். துரு உதிராமல் இருக்க அதன் மேல் வார்னிஷ் வேறு! ஏழைக் காருக்குப் பணக்கார வேஷம் போட்ட காலம் போய், பணக்காரக் காருக்கு ஏழை வேஷம்!

போகட்டும். வேஷத்தால் யாரும் சாகமாட்டார்கள். பிரேக்கால் சாவார்கள்.

பிரேக் எங்கே?

மாடல் ஏ காரின் என்ஜினுக்கு 40 குதிரை சக்தி. அதன் பிரேக், மிதித்தால் இரும்புக் கம்பி இழுத்துப் பிடிக்கும் பிரேக். எண்ணெயால் வேலை செய்யும் பிரேக்கை போர்டு கம்பெனி 1939-ம் ஆண்டுக் கார்களில்தான் கொடுத்தது.

1955-ல் செவர்லே கம்பெனி ஓர் எட்டு சிலிண்டர் என்ஜினைக் கொண்டு வந்தது. அதற்கு 162 குதிரை சக்தி. அந்த வகை என்ஜினைத்தான் பலர் பழைய செடானில் வைக்கிறார்கள். சக்தி நாலு மடங்கு. பிரேக் பழைய பிரேக் என்றால் என்ன ஆகும்? நாலு குதிரை வண்டியில் பதினாறு குதிரையைப் பூட்டி, கடிவாளத்தை மட்டும் மாற்றாமல் விட்டதுபோல்தான்!

இன்னொன்று. மாடல் ஏ காரில் பெட்ரோல் டாங்கு எங்கே இருக்கிறது தெரியுமா? முன் கண்ணாடிக்குக் கீழே, உட்காருகிறவர்களின் முழங்காலுக்கு நேரே! சீட் பெல்ட்டும் கிடையாது.

நல்ல தொழிலாளி இதையெல்லாம் முதலில் மாற்றுகிறார். புது பிரேக் போடுகிறார். டாங்கைப் பின்னால் கொண்டுபோகிறார். அடிச்சட்டத்துக்குப் பலம் கொடுக்கிறார். கதவில் துரு இருக்கலாம், அடிச்சட்டத்தில் இருக்கக்கூடாது. காரை வாங்க வருகிறவர்கள், மண்டை ஓடு வைத்த கியர் கம்பியைப் பார்த்து மயங்காமல், கீழே குனிந்து வெல்டிங்கைப் பார்க்கட்டும்.

கடைசியாக, எந்தக் காரை வெட்டுவது? வயலோரத்தில் கிடந்து, தரையெல்லாம் உளுத்து, கூடாகிப்போன செடானை வெட்டினால் புண்ணியம் என்பேன். அதற்கு மறுபிறவி கிடைக்கிறது. ஆனால் 90 ஆண்டுக்கு மேலாக யாரோ ஷெட்டில் வைத்துக் காப்பாற்றி, இன்னும் ஓடும் நிலையில் உள்ள காரை வெட்டுகிறார்களே, அது அநியாயம். கூரையை நாலு அங்குலம் அறுத்துவிட்டால் அப்புறம் பழைய கூரை வராது. மாடல் ஏ காருக்கு வேண்டிய உதிரி பாகங்களை அமெரிக்காவில் இன்றும் புதிதாகச் செய்து விற்கிறார்கள். முழுக் கார் கையில் உள்ளவர் அவற்றை வாங்கி மாட்டி, அப்படியே ஓட்டட்டும். எலி கார் செய்ய ஆசை இருந்தால், வயலோரத்துக் கூடு ஒன்றைத் தேடிப் போகட்டும்.