பள்ளிக் குழந்தைகளின் பாட்டுப் புஸ்தகங்கள்

புதுவையிலிருந்து மேற்கே வில்லியனூருக்குச் செல்லும் சாலையில் ரெட்டியார்பாளையம் இருக்கிறது. அதற்குக் கிழக்கே, நகரத்தின் பெருமாள் கோயில் வீதியில், பாரதிதாசன் வாழ்ந்த இல்லம். மேற்கே வாணிதாசன் பிறந்த வில்லியனூர். இவ்விருவரும் கவிஞர்கள் என்பதை நாடறியும். இருவரும் பள்ளி உபாத்தியாயர்களாக ஜீவித்தவர்கள் என்பதையோ நாம் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம். 1909-ல் உத்தியோகத்தில் அமர்ந்த பாரதிதாசன், 1946-ல் ஓய்வு பெறும் வரை முப்பத்தேழு ஆண்டுகள் பிரெஞ்சு சர்க்காரின் பள்ளிகளில் பாடம் சொன்னவர். அவருடைய ‘இளைஞர் இலக்கியம்’ 1958-லும், வாணிதாசனின் ‘குழந்தை இலக்கியம்’ 1959-லும் வெளிவந்தன. குழந்தையின் வாயில் எந்தச் சொல் நிற்கும், எது வழுக்கும் என்பதை நித்தம் கேட்டுப் பழகிய செவிகள் செய்த பாட்டுகள் அவை.

இவ்விரு கவிஞரின் ஊர்களுக்கு இடையே உள்ள ரெட்டியார்பாளையத்துப் பள்ளிகளில் பயிலும் குழந்தைக்கு எந்தப் பாட்டுப் புஸ்தகத்தைக் கொடுப்பது என்ற கேள்வியை இப்போது நாம் எழுப்புவதற்குக் காரணம் உண்டு. நெடுங்காலம் தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தைப் பின்பற்றி வந்த புதுவை, காரைக்கால் சர்க்கார் பள்ளிகள் மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்தின் திட்டத்துக்கு மாறியுள்ளன. ஆரம்ப வகுப்புகளில் முன்னரே தொடங்கிய இம்மாறுதல் 2023-24 கல்வியாண்டில் உயர் வகுப்புகளுக்கும் பரவிற்று. இம்மாறுதலின் நன்மை தீமைகளை இங்கே ஆராயப் புகவில்லை. ஆனால் தேசம் முழுமைக்கும் பொதுவாக வகுக்கப்படும் ஒரு திட்டம் வில்லியனூரையும் ஊசுட்டேரியையும் நினைவில் வைத்திருக்கும் என்று எதிர்பார்ப்பது நியாயமன்று. அந்தக் குறையை நிரப்ப வேண்டியது வகுப்பறையின் அலமாரியே.

அந்த அலமாரிக்குக் கிடைக்கும் பணமோ சொற்பம். 2018-ல் தொடங்கிய ஸமக்ர சிக்ஷா திட்டம் ஆரம்பப் பள்ளியின் நூலகத்துக்கு ஆண்டொன்றுக்கு வகுத்த உதவி 5,000 ரூபாய் வரையில்தான். கதை, விஞ்ஞானம், சரித்திரம் எல்லாம் போகப் பாட்டுக்கு அதில் மிஞ்சுவது எவ்வளவு? பத்துப் புஸ்தகம் வாங்கக்கூடிய இடத்தில் ஐந்து வீணானால், அந்த வகுப்புக் குழந்தைகள் ஓராண்டை இழக்கிறார்கள்.

நம்மவர் புஸ்தகங்களைத் தெரிந்தெடுக்கும் முறை விசித்திரமானது. பாட்டின் பொருளைப் பார்க்கிறார்கள்; ஓசையைப் பார்ப்பதில்லை. தேசபக்தி இருக்கிறதா, தாய்மொழிப் பற்று இருக்கிறதா, பொய் சொல்லாதே என்ற உபதேசம் இருக்கிறதா என்று தேடி, இருந்தால் போதுமென்று ஒப்பமிடுகிறார்கள். தேசியத்தில் நமக்குள்ள பற்றை யாரும் சந்தேகிக்கமாட்டார்கள் என்ற தைரியத்தில் ஒன்று சொல்லுகிறோம்: கொடியைப் பற்றிய மோசமான பாட்டைக் காட்டிலும், பூனையைப் பற்றிய நல்ல பாட்டு தேசத்துக்கு அதிகத் தொண்டு செய்யும். முன்னதைப் படித்த குழந்தைக்குக் கொடியின்மீது அன்பு வளருவதில்லை. தமிழின்மீது சலிப்பு வளருகிறது. மழையைப் போகச் சொல்லும் இங்கிலீஷ்ப் பாட்டை நம் குழந்தைகள் சொல்லக் கேட்டு, மழைக்கு ஏங்கும் நாட்டில் இது என்ன கூத்து என்று பலர் கடிந்துகொள்கிறார்கள். கடிதலோடு நின்றால் பயனில்லை. அது நாவுக்கு எளிதாக இருப்பதால் குழந்தை அதைப் பிடித்துக்கொண்டது. நாம் அதன் கையில் கொடுத்தது நாவுக்குக் கடினமாயிருந்தது.

பிரெஞ்சுக் கலாசாரத்தின் நிழலில் வளர்ந்த புதுவைக்கு ரூஸோவின் பெயர் புதிதன்று. 1762-ல் வெளிவந்த ‘எமீல்’ என்ற நூலில், லா போந்தேன் பாடிய காக்கை நரிக் கதையை எடுத்து, அடி அடியாகப் பிரித்து, இதில் குழந்தைக்கு எது விளங்கும் என்று அவர் கேட்கிறார். ஏமாந்த காக்கையைப் பார்த்துக் குழந்தை நகைக்கும்; முகஸ்துதி செய்து பாலடைக்கட்டியைப் பறித்த நரியின் பக்கமே சேரும் என்பது அவர் வாதம். குழந்தைக்குக் கதைப்பாட்டே வேண்டாமென்று அவர் முடிவு கட்டியது நமக்கு உடன்பாடன்று. ஆயினும், நாம் புகட்ட எண்ணும் நீதியும் குழந்தை கொள்ளும் நீதியும் வேறாகலாம் என்ற எச்சரிக்கையைப் புறக்கணிப்பதற்கில்லை.

தமிழ்ப் பாட்டுக்கே உரிய ஒரு சங்கடத்தையும் சொல்லவேண்டும். வீட்டில் குழந்தை பேசும் தமிழ் வேறு. ஏட்டிலுள்ள தமிழ் வேறு. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் செல்ல முதற்பாலமாக அமைவது பாட்டு. அந்தப் பாலத்திலேயே சந்தியைப் பிரிக்காமலும், சீருக்காகச் சொல்லை நடுவில் துண்டித்தும் அச்சிட்டு வைத்தால், எழுத்துக் கூட்டிப் படிக்கும் ஆறு வயதுப் பிள்ளை எங்கே கால் வைக்கும்? சொல் சொல்லாகப் பிரித்து, பெரிய எழுத்தில், பக்கத்துக்கு ஒரு பாட்டாக அச்சிட்ட புஸ்தகமே முதலிரண்டு வகுப்புகளுக்கு ஏற்றது. கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையும் அழ. வள்ளியப்பாவும் இந்த எளிமையை நன்கு உணர்ந்தவர்கள். அவர்களுடைய பாட்டுகளையுங்கூடச் சிலர் மங்கிய மையில் நெருக்கி அச்சிட்டு மலிவாக விற்கிறார்கள். ஆசிரியர் பெயரைப் பார்த்து வாங்குகிறவர்கள் பக்கத்தையும் ஒருமுறை புரட்டுவது நல்லது.

பழைமையைக் கைவிட வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு விடை புதுவையிலேயே இருக்கிறது. ஔவையின் ஆத்திசூடி திண்ணைப் பள்ளிகளில் தலைமுறை தலைமுறையாக ஓதப்பட்டது. 1908 முதல் 1918 வரை இவ்வூரில் வசித்த பாரதியார், அதே அகர வரிசையில் தம் காலத்துக்கு வேண்டிய புதிய ஆத்திசூடியை இயற்றினார். பின்னர் பாரதிதாசனும் ஓர் ஆத்திசூடி செய்தார். மூன்றையும் ஒரே அலமாரியில் வைப்பதில் தவறென்ன?

ஆகவே தெரிந்தெடுக்கும் அதிகாரம், அப்பாட்டை வகுப்பில் உரக்கப் படிக்கப்போகும் உபாத்தியாயரிடமே இருக்கவேண்டும் என்பது நமது அபிப்பிராயம். விலைப்பட்டியலைப் பார்த்து மேலதிகாரிகள் மொத்தமாக வாங்கி அனுப்பும் வழக்கம் எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் அது ஒழியட்டும். மாதிரிப் பிரதிகளை முதலில் பள்ளிக்கு அனுப்பலாம். உபாத்தியாயினி அவற்றை ஒரு வாரம் பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டட்டும். மறுவாரம் அவர் கேளாமலே எந்தப் பாட்டைப் பிள்ளைகள் விளையாட்டு மைதானத்தில் முணுமுணுக்கிறார்கள் என்று கவனித்து, அந்தப் புஸ்தகத்துக்குப் பணம் கொடுக்கட்டும். இதற்கு நிபுணர் குழு வேண்டியதில்லை. கல்வி இலாகாவின் ஒரு சுற்றறிக்கை போதும்.