விலை பேசுமுன் மூடியைத் திறந்து பாருங்கள்!

பழைய டூ-இன்-ஒன் செட்டுகளைத் தேடித் தேடி வாங்கும் இளைஞர்கள் இப்போது நிறையப் பேர் கிளம்பியிருக்கிறார்கள். இரண்டு பக்கமும் ஸ்பீக்கர், மேலே கைப்பிடி, நீட்டி மடக்கும் ஏரியல், பின்னால் வரிசையாகப் பெரிய செல் என்று துபாய், சவூதி போனவர்கள் அந்தக் காலத்தில் ஆசையாகக் கொண்டு வருவார்களே, அதே செட்தான். அதை வாங்கிப் பழுது பார்த்து அலமாரியில் அடுக்கி வைப்பது இவர்களுக்கு ஒரு பைத்தியம். இதை நான் குறை சொல்ல வரவில்லை. நாம் பரணில் போட்டதை அவர்களாவது பாட வைக்கிறார்களே! என் மனத்தாங்கல் எல்லாம் விற்கிற நம் வீட்டார் மேல்தான்.

அறந்தாங்கியில் இருக்கும் என் நாத்தனாரின் கணவர் 1982-ல் சவூதி போனவர். 1984-ல் முதல் லீவில் வரும்போது ஒரு நேஷனல் பானாசோனிக் செட் கொண்டு வந்தார். வீட்டில் போன் ஏது அப்போது? கடிதம் வந்து சேர நாளாகும். அதனால் லீவில் வருகிறவர்களிடம் கேசட்டில் பேசிக் கொடுத்து அனுப்புவார். இங்கிருந்தும் அப்படியே போகும். 60 நிமிடக் கேசட் என்றால் ஒரு பக்கம் அரை மணி. அதில் பாதி நேரம் என் மாமியார், "கேக்குதுங்களா மாப்பிள்ளே, கேக்குதுங்களா?" என்றே கத்திக் கொண்டிருப்பார்!

செட்டை வாங்கி வந்தது ஆம்பளையாக இருக்கலாம். அதோடு குடித்தனம் நடத்தியது அவள்தான். சமையலறை ஜன்னலில் வைத்து இலங்கை வானொலி கேட்டாள். தூசி படாமல் துணியில் உறை தைத்துப் போட்டாள். ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்து ஹெட்டைத் துடைப்பாள். நாடா சிக்கினால் ஓட்டையில் பென்சிலை விட்டுச் சுற்றிச் சரி செய்வாள்.

அந்தச் செட்டைப் போன தை மாதம், பெங்களூரில் இருக்கும் அவள் மகன் போனிலேயே விலை பேசி 1,800 ரூபாய்க்குத் தள்ளிவிட்டான். "இடத்தை அடைக்குதும்மா" என்றானாம். இவளும் தலையாட்டிவிட்டாள். இரண்டு நாள் கழித்து நான்தான், "உள்ளே கேசட் ஏதும் இருந்துதான்னு பார்த்தியா?" என்று கேட்டேன். 'திக்'கென்றது அவளுக்கு. ஐந்து வருடம் முன் கணவர் தவறிய பிறகு, அவர் பேசிய கேசட்டைத் தேடாத இடமில்லை. மற்றதிலெல்லாம் மேலேயே சினிமாப் பாட்டு பதிந்தாயிற்று. மிச்சம் இருந்தது ஒன்றுதான். என்றோ செட் ஓடாமல் நின்றபோது அது உள்ளேயே மாட்டியிருக்கிறது! "அண்ணி, மோசம் போயிட்டேனே" என்று அழுதாள்.

உடனே வாங்கிப் போன பையனுக்குப் போன் போட்டோம். இளகிப் பிசினாகியிருந்த பெல்ட்டை மாற்றிச் செட்டை ஓட வைத்துவிட்டான், கெட்டிக்காரன். ஆனால், பதிவு ஆகிறதா என்று பார்க்க, உள்ளே இருந்த அதே கேசட்டில் பேசிப் பார்த்திருக்கிறான். ரிக்கார்ட் பட்டனை அமுக்கினால் பழையதை அழித்துவிட்டுத்தான் புதியது பதியும். அழிந்தது அழிந்ததுதான்.

அமெரிக்காவில் இந்தச் செட்டுக்கு மவுசு வந்த கதை வேறு. 1980-களில் நியூயார்க் தெருக்களில் கறுப்பின இளைஞர்கள் இதைத் தோளில் வைத்துச் சத்தமாகப் பாட்டு போட்டுத் திரிந்தார்கள். 1989-ல் வந்த 'டூ தி ரைட் திங்' என்ற படத்தில் ஒருவன் சுமந்து வரும் செட், இன்று வாஷிங்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறதாம். என் மகன் படம் காட்டினான். அங்கே அது தெருவில் திரிந்த சாமான். நம் ஊரில் அது வீட்டுக்குள் இருந்த சாமான். அதற்குள் நம் மனுஷர்கள் இருந்தார்கள். பாட்டுக் கேசட் போனால் யூடியூபில் தேடிக் கேட்டுக் கொள்ளலாம். செத்துப் போன மாமியாரின் குரலை எங்கே தேடுவது?

ஆகவே பிள்ளைகளே, அந்தச் செட்டோடு பழகியவளைக் கேட்காமல் விலை பேசாதீர்கள். வாங்குகிற தம்பிகளும், சோதித்துப் பார்க்க உங்கள் கேசட்டைக் கையோடு கொண்டு போங்கள். சகோதரிகளே, பேச்சு பதிந்த கேசட் உங்களிடம் இருந்தால், அதன் முதுகில் இரண்டு மூலையிலும் உள்ள சின்ன பிளாஸ்டிக் துண்டை இன்றே உடைத்து விடுங்கள். பிறகு யாரும் தெரியாமல் அதன் மேல் பதிய முடியாது. (செட்டைப் பரணில் வைப்பதானால் செல்லைக் கழற்றிவிடுங்கள். ஒழுகி, ஸ்பிரிங்கை அரித்துவிடும்.)

நாத்தனாரின் கேசட் என்ன ஆயிற்று என்கிறீர்களா? பையன் மறுநாளே செட்டோடு பைக்கில் வந்து இறங்கினான். நானும் போயிருந்தேன். போட்டான். முதல் நாலு நிமிடம், "ஹலோ, டெஸ்டிங், டெஸ்டிங்" என்று அவன் குரலும் ஃபேன் சத்தமும்தான். பிறகு 'டக்'கென்று ஒரு சத்தம். பாதிப் பேச்சிலிருந்து அவள் கணவர்: "...மொட்டையை நான் வர்ற வரைக்கும் தள்ளிப் போடுங்க. காது குத்துறப்ப பய அழுதான்னு நீயும் சேர்ந்து அழாதே."

அந்த நாலு நிமிடத்தில் என்ன சொல்லியிருந்தாரோ, அவளுக்கு நினைவில்லை. நாற்பது வருடமாயிற்றே! பையன் 1,800 ரூபாயைத் திரும்ப வாங்க மாட்டேன் என்றுவிட்டான். மொட்டை போடக் காத்திருந்த அந்தப் பயல்தான் இப்போது பெங்களூரில் இருக்கிறான்.

- ஒரு வாசகி, புதுக்கோட்டை.