அம்புக்கு இறகு கட்டுவதும் பாடம்தான்



வேடர் என்றால் நாங்கள் பிள்ளைகளுக்கு என்ன சொல்லிக் கொடுக்கிறோம்? வில், அம்பு, தேன். அத்தோடு பாடம் முடிந்துவிடும். அம்பின் பின்பக்கத்தில் இறகு ஏன் என்று ஒரு பிள்ளை கேட்டால், எங்களில் எத்தனை பேருக்குப் பதில் தெரியும்?

வேடர்கள் மயிலிறகு கட்டினார்கள். இறகு காற்றில் இழுபடும். அதனால் வால் பின்னுக்கே நிற்கும், முனை நேரே போகும். ஓர் அம்புக்குரிய இறகுகள் எல்லாம் ஒரே பக்கச் சிறகில் இருந்து வரவேண்டும். இடமும் வலமும் கலந்தால் அம்பு சீராகச் சுழலாது. அமெரிக்காவில் வான்கோழி இறகு கட்டுகிறவர்களுக்கும் இதே கணக்குத்தான்.

இரும்பு முனை கொல்லனிடம் இருந்து வந்தது. இரவில் இறைச்சியைப் பட்டறையில் தொங்கவிட்டு, வேண்டிய அம்பின் வடிவில் வெட்டிய இலையையும் வைத்துவிட்டுப் போவார்கள் என்று 1681இல் ரொபர்ட் நொக்ஸ் எழுதினார். இவர்களையா அறிவில்லாதவர்கள் என்கிறோம்?

வாகரைப் பக்கத்துக் கரையோர வேடர்கள் பேசுவதும் எங்கள் தமிழ்தான். அப்படியிருந்தும் 'வேடன்' என்ற சொல்லை வகுப்பில் ஏச்சாகக் கேட்டு நாங்கள் சும்மா இருந்திருக்கிறோம். அது எங்கள் பிழை.

மயிலைத் தொடத் தேவையில்லை. வளவில் கோழி உதிர்த்த இறகு, இரண்டு ஈர்க்கு, நூல், முனைக்குக் கொஞ்சம் களிமண் போதும். ஒன்றுக்கு இறகு கட்டி, மற்றதைச் சும்மா விட்டு, பிள்ளைகள் எறிந்து பார்க்கட்டும். வித்தியாசத்தைக் கண்ட பிறகு, இதைக் கையால் அறிந்திருந்தவர்கள் யார் என்று சொல்லுங்கள். அந்த ஏச்சு தானாக நின்றுவிடும், இன்ஷா அல்லாஹ்.