மீனின் வாயைப் பாருங்கள்!

ஏரிக்கரையில் ஒரே மரத்தடியில் இரண்டு பேர் உட்கார்ந்திருப்பார்கள். இருவர் கையிலும் மூங்கில் கழி. இருவர் டப்பாவிலும் மண்புழு. ஒருவர் அரை மணிக்கு ஒரு தரம் 'விசுக்'கென்று கழியைத் தூக்குவார். மீன் துள்ளிக்கொண்டு வரும். மற்றவர் தக்கையைப் பார்த்துப் பார்த்துக் கண் பூத்துப் போயிருப்பார். "எல்லாம் கைராசி, ஸார்!" என்று சமாதானம் சொல்லிக்கொண்டு, மார்க்கெட் வழியாக வீட்டுக்குப் போவார்.

கைராசியும் இல்லை, முகராசியும் இல்லை. அந்தத் தண்ணீரில் என்ன மீன் இருக்கிறது, அது எந்த மட்டத்தில் இரை எடுக்கும் என்பது முதலாமவருக்குத் தெரியும். அவ்வளவுதான் விஷயம். மீனும் இந்த ரகசியத்தை ஒளித்து வைக்கவில்லை. தன் முகத்திலேயே எழுதி வைத்திருக்கிறது.

(சைவ வாசகர்கள் கோபித்துக்கொள்ளாமல் தொடர்கதைப் பக்கத்துக்குப் போய்விடலாம். ஆனால் கடைசியில் வரும் விரால் குடும்பத்தின் கதையை மட்டும் படித்துவிட்டுப் போங்கள். அது உங்களுக்கும் பிடிக்கும்.)

அடுத்த முறை மார்க்கெட்டுக்குப் போகும்போது கட்லா, ரோகு, மிர்கால் மூன்றையும் அருகருகே வைத்துப் பாருங்கள். கட்லாவுக்குக் கீழ்த்தாடை முன்னால் துருத்திக்கொண்டிருக்கும். வாய் வானத்தைப் பார்க்கும். தண்ணீரின் மேல்மட்டத்தில் மிதக்கும் நுண்ணிய உயிர்களை வடிகட்டித் தின்னுகிற மீன் அது. ரோகுவின் உதட்டு ஓரம் குஞ்சம் வைத்துத் தைத்த மாதிரி இருக்கும். அது நடு மட்டத்து மீன். மிர்காலின் வாய் கீழ்நோக்கி இருக்கும். சேற்றில் மக்கிக் கிடப்பதைக் கிளறித் தின்பது அதன் தொழில். ஒரே ஏரியில் மூன்றும் சண்டை இல்லாமல் குடித்தனம் நடத்துவது இதனால்தான். மாடி, நடு வீடு, தரை என்று பாகம் பிரித்துக்கொண்டிருக்கின்றன!

மாடிவீட்டுக்காரரைத் தேடித் தரையில் கதவைத் தட்டினால் யார் திறப்பார்கள்? ஆகவே முதலில் ஆழத்தை அளந்துகொள்ளுங்கள். முள்ளில் கனமான ஈயக் குண்டு ஒன்றை மாட்டித் தண்ணீரில் விடுங்கள். தக்கை உள்ளே முழுகிப் போனால் தக்கைக்கும் முள்ளுக்கும் இடையே நரம்பு போதவில்லை. தக்கை படுத்துக் கிடந்தால் நரம்பு அதிகம். தக்கை நிமிர்ந்து, தலை மட்டும் வெளியே தெரியும்படி நின்றால் அதுதான் சரியான ஆழம். பிறகு குண்டை எடுத்துவிடலாம். மிர்காலுக்கு முள் தரையைத் தொட வேண்டும். ரோகுவுக்குப் பாதி ஆழம். கட்லாவுக்கு மேலிருந்து ஒரு முழம், ஒன்றரை முழம் போதும்.

இரையும் அப்படியே. தவிடும் கடலைப் பிண்ணாக்கும் சேர்த்துப் பிசைந்த உருண்டை இந்த மூன்றுக்கும் ஆகும். கட்லாவுக்கு அதைத் தளரப் பிடியுங்கள். தண்ணீரில் கரைந்து மேகம் போலப் பரவினால்தான் அது உறிஞ்சும். மிர்காலுக்கு இறுக்கிப் பிடியுங்கள். அடிவரைக்கும் உடையாமல் போக வேண்டும். மீனைக் கூட்டுவதற்காகத் தண்ணீரில் உருண்டை வீசுகிறவர்கள் ஒரு கையளவோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். வயிறு நிரம்பிய விருந்தாளி இலையில் உட்கார மாட்டார்.

குழந்தைகளோடு போகிறவர்களுக்கு ஏற்றது ஜிலேபி மீன். ஆப்பிரிக்காவில் பிறந்து, 1952-இல் இந்தியாவுக்கு வந்து, இன்று குட்டை குட்டையாக நிரம்பியிருக்கிறது. சிறிய முள்ளும், துண்டு மண்புழுவும் அல்லது பிசைந்த கோதுமை மாவும் இருந்தால் போதும். கடையில் முள் வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: சாதாரண முட்களில் எண் பெரிதாக ஆக, முள் சிறிதாகும். பத்தாம் எண் முள் ஆறாம் எண்ணைவிடச் சிறியது. சின்ன முள்ளில் பெரிய மீனும் சிக்கும். பெரிய முள்ளில் சின்ன மீன் சிக்காது. சந்தேகம் வந்தால் சிறியதையே வாங்குங்கள்.

தக்கைக்குப் பணம் செலவழிக்க வேண்டாம். ஒரு துண்டு நெட்டி போதும். முள்ளைக் கட்டுவதில்தான் கவனம் வேண்டும். நைலான் நரம்பைக் காதில் கோத்து, அந்த நுனியை நரம்பின் மேலேயே ஐந்தாறு சுற்றுச் சுற்றி, முள்ளுக்குப் பக்கத்தில் உண்டாகும் முதல் வளையத்துக்குள் நுழைத்து இழுக்க வேண்டும். இறுக்குவதற்கு முன் முடிச்சைத் தண்ணீரில் நனையுங்கள். உலர்ந்த நைலான் உராய்ந்து சூடேறினால் பலம் குறைந்து, பெரிய மீன் வந்த நேரத்தில் அறுந்து போகும். ஈயக் குண்டைப் பல்லால் கடித்து நெரிக்கும் பழக்கம் பலருக்கு உண்டு. ஈயம் விஷம், குறடால் நெரியுங்கள். அதைக் குழந்தைகள் கையில் கொடுக்காதீர்கள்.

"விடியற்காலையில் போனால்தான் மீன்" என்பார்கள். ஆற்றுக்கும் பெரிய அணைக்கும் அது சரி. பாசி படர்ந்து பச்சைப் பசேலென்று கிடக்கும் குளத்துக்குச் சரியல்ல. பகலெல்லாம் பிராணவாயுவை வெளியிடும் பாசி, இரவில் தானும் மூச்சு விடுகிறது. ஆகவே விடியும் நேரத்தில் அந்தத் தண்ணீரில் பிராணவாயு மிகக் குறைவு. மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவதைப் பார்த்து, "பசியோடு இருக்கின்றன!" என்று தூண்டில் போடுகிறார்கள். அவற்றுக்குப் பசி இல்லை, மூச்சுத் திணறல். வெயில் ஏறி ஒன்றிரண்டு மணி நேரம் கழித்துப் போடுங்கள். கோடை நடுப்பகலில் நிழலையும் ஆழத்தையும் தேடுங்கள். மழை பெய்த மறுநாள் வாய்க்கால் வந்து ஏரியில் விழும் இடத்துக்குப் போங்கள். புதுத் தண்ணீர் இரையையும் பிராணவாயுவையும் சேர்த்துக் கொண்டுவரும். மீனும் அங்கே கூடும்.

கரையில் மெதுவாகப் பேசினால் மீனுக்கு அவ்வளவாகக் கேட்காது. ஆனால் கால் அதிர்ந்தால் தெரிந்துவிடும். அதன் விலாவில் ஓடும் கோடு தண்ணீரின் அசைவை உணரும் உறுப்பு. ஆகவே ஊர்க்கதை பேசலாம். தொம் தொம்மென்று நடக்கக் கூடாது.

பிடித்த மீனைக் கழற்றும்போது அவசரம் வேண்டாம். கெளுத்திக்கு முதுகில் ஒரு முள், இரண்டு பக்கமும் ஒவ்வொரு முள். பின்னாலிருந்து கையைக் கொண்டுபோய், பக்கத்து முட்கள் விரல்களுக்கு முன்னால் இருக்கும்படி பிடிக்க வேண்டும். தேளி மீனின் முள்ளில் விஷமும் உண்டு; பெயரே சொல்கிறது. குத்திவிட்டால் பொறுக்கக்கூடிய சூடுள்ள வெந்நீரில் அரை மணி நேரம் கையை வைத்திருங்கள், வலி தணியும். பிறகு டாக்டரிடம் போங்கள். ஆப்பிரிக்கக் கெளுத்தி அகப்பட்டால் மட்டும் திரும்பத் தண்ணீரில் விடாதீர்கள். நம் ஊர் மீன்களை விழுங்கித் தீர்க்கும் அதை வளர்ப்பதற்கு மத்திய அரசு 2000-ஆம் ஆண்டிலேயே தடை போட்டிருக்கிறது.

இனி விராலுக்கு வருவோம்.

மழைக்காலத்தில் கோரையும் ஆம்பலும் உள்ள ஓரத்தில், தண்ணீரின் மேல் செக்கச் செவேலென்று ஒரு கூட்டம் நகர்வதைப் பார்த்திருப்பீர்கள். அவை விரால் குஞ்சுகள். அந்தக் கூட்டத்துக்குக் கீழே தாயோ தகப்பனோ, சில சமயம் இருவருமோ, காவல் நிற்பார்கள். தவளை வந்தாலும், வேறு மீன் வந்தாலும் பாய்ந்து கடிப்பார்கள். குஞ்சுகள் சிவப்பு நிறம் மாறித் தனியே இரை தேடும் வரை சில வாரங்கள் இந்தக் காவல் நடக்கும்.

சாதாரண நாளில் விராலைப் பிடிப்பது லேசல்ல. இந்த நாட்களில் அதைப் பிடிக்கக் குழந்தைக்கும் முடியும். குஞ்சுக் கூட்டத்தின் நடுவே எதைப் போட்டாலும் அது கடிக்கும். தின்பதற்காக அல்ல, விரட்டுவதற்காக. அப்படிப் பிடித்துக் கரையேற்றிய மறுகணமே கெண்டையும் கெளுத்தியும் அந்தச் செங்கூட்டத்தின் மேல் விழுந்து சூறையாடிவிடும். ஒரு விராலைப் பிடித்தோம் என்று நினைப்போம். அடுத்த வருஷத்து விரால்களையெல்லாம் சேர்த்துத் தூக்கியிருப்போம்.

கட்லாவுக்கும் ரோகுவுக்கும் இந்தக் கவலை இல்லை. அவை ஓடும் வெள்ளத்தில் முட்டையிடும் மீன்கள். தேங்கிய ஏரியில் சாதாரணமாக முட்டையிடுவதில்லை. 1957-இல் ஒடிசாவில் டாக்டர் ஹிராலால் சௌதுரி ஊசி மூலம் கெண்டை இன மீன்களை முட்டையிடச் செய்து காட்டினார். அதிலிருந்து வளர்ந்த முறையில்தான் இன்று பண்ணைகளில் குஞ்சு பொரித்து ஏரிகளில் கொண்டு வந்து விடுகிறார்கள். எடுத்தால் மறுபடி விட ஆள் இருக்கிறது. பெரும்பாலான ஏரிகளில் விராலுக்கு அந்த ஏற்பாடு கிடையாது. அதற்குப் பண்ணையும் தாய்தான், காவல்காரனும் தகப்பன்தான். ஆகவே செங்கூட்டம் தெரிந்தால் நரம்பைச் சுருட்டிக்கொண்டு பத்து கஜம் தள்ளி உட்காருங்கள்.

வேறு சில வார்த்தைகள். பெரும்பாலான ஏரிகளில் மீன் குத்தகை உண்டு. கேட்டுவிட்டுத் தூண்டில் போடுங்கள். தோட்டா வெடித்தும் விஷம் கலந்தும் மீன் பிடிப்பது 1897-ஆம் வருஷத்துச் சட்டப்படியே குற்றம். மின்சாரக் கம்பிக்குக் கீழே நீளக் கழியை உயர்த்தாதீர்கள். நனைந்த மூங்கிலிலும் மின்சாரம் பாயும். கல்குவாரித் தண்ணீருக்கும், நிரம்பி வழியும் கலிங்குக்கும் குழந்தைகளை அழைத்துப் போகவே வேண்டாம். அறுந்த நைலானைக் கரையில் போட்டால் மக்காது. கொக்கின் காலில் சுற்றிக்கொள்ளும். பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டு வாருங்கள்.

இவ்வளவும் செய்தும் மீன் அகப்படவில்லையா? மார்க்கெட் இருக்கவே இருக்கிறது. ஆனால் வாங்கும் மீனின் வாயை ஒரு தரம் பார்த்துவிட்டு வாங்குங்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு உதவும்!