சாயம் போன சொல்

ஆங்கிலத்தில் "ஜென்டில்" என்று ஒரு சொல். "ஜென்டீல்" என்று இன்னொரு சொல். குறில் நெடிலானதும் பொருளே மாறி விடுகிறது!

இரண்டும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். "நல்ல குலத்தில் பிறந்த" என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல்தான் தாய். மூத்த பிள்ளை "ஜென்டில்". சாதுவான, மென்மையான என்ற பொருளில் அது நிலைத்து விட்டது. 1600-ஐ ஒட்டி அதே பிரெஞ்சுச் சொல்லை ஆங்கிலேயர் மறுபடியும் வாங்கினார்கள். அதுதான் "ஜென்டீல்". பண்பான, நாகரிகமான, பெரிய இடத்து என்று பொருள். அப்படி அழைக்கப்பட்டவருக்கு உச்சி குளிர்ந்தது.

பிறகு என்ன ஆயிற்று? கடைக்காரர்களும் குமாஸ்தாக்களும் அந்தப் பெயருக்கு ஆசைப்பட்டார்கள். பிரபுக்களைப் போல உடுத்தினார்கள், பேசினார்கள். பிரபுக்களுக்குச் சிரிப்பு வந்தது. 19-ம் நூற்றாண்டில் அது கேலிச் சொல்லாகி விட்டது.

சார்லஸ் டிக்கன்ஸ் 1836-ல் வெளியிட்ட தம் முதல் புத்தகத்தில் இப்படிப்பட்ட ஒருவரைக் காட்டுகிறார். பிரிட்டிஷ் மியூசியத்தில் உட்கார்ந்து படிக்கும் ஏழை அவர். கறுப்புக் கோட்டு நைந்து விட்டது. புதுக் கோட்டுக்குப் பணமில்லை. பழைய கோட்டுக்குக் கறுப்புச் சாயம் பூசிக் கொண்டு கம்பீரமாக வருகிறார். கொஞ்ச நாளில் முழங்கையும் தையலும் வெளுக்கின்றன. ஒரு வாரம் விடாமல் தூறல். சாயம் முழுவதும் போய் விட்டது. பாவம், அவர் ஓசைப்படாமல் வந்து தம் இடத்தில் உட்காருகிறார்! டிக்கன்ஸ் சிரிக்க வைக்கிறார். ஆனால் அந்த மனிதரை வெறுக்கவில்லை.

பின்னால் வந்தவர்களுக்கு அந்த இரக்கம் இல்லை. 1954-ல் ஆலன் ராஸ் என்ற பேராசிரியர், மேல் வகுப்பார் பேசும் சொற்களையும் மற்றவர்கள் பேசும் சொற்களையும் பிரித்துக் காட்டினார். மறு ஆண்டே நான்சி மிட்போர்டு என்ற எழுத்தாளர் அதை ஊரறியச் செய்தார். அவரே ஒரு பிரபுவின் மகள். சாப்பாட்டு மேஜையில் வாய் துடைக்கும் துணியை "நாப்கின்" என்றால் உயர்ந்தவராம். "செர்வியட்" என்றால் மட்டமாம். வாய் துடைக்கும் துணியில் குலம் பார்ப்பது என்ன பண்போ! நாகரிகமாகப் பேச முயன்றவர் செய்த குற்றம்தான் என்ன?

இன்றும் ஓர் ஆங்கிலேயப் பெண்மணியை "ஜென்டீல்" என்று புகழ்ந்தால் அவர் முகம் சுளிக்கக் கூடும். கடிதத்தில் "ஜென்டில்" என்று எழுதுவதே நல்லது. நெடில் விழாமல் பார்த்துக் கொள்ள வேண்டும்.