குச்சி இருக்கிறது, கூடம் எதற்கு?

எங்கள் பக்கத்தில் அறிவியல் என்று சொன்னால் கை காரைக்குடியை நோக்கித்தான் நீளும். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948இல் நேரு அடிக்கல் நாட்டி, 1953இல் திறக்கப்பட்ட ‘சிக்ரி’ என்னும் மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் அங்கேதான் இருக்கிறது. பெருமைதான். ஆனால் அந்தப் பெருமையோடு ஒரு மூடநம்பிக்கையும் ஒட்டிக்கொண்டது: அறிவியல் கட்டடத்துக்குள் குடியிருக்கிறது, ஆய்வுக்கூடம் இல்லாத பள்ளியில் சோதனை கிடையாது. ஐந்தாம் வகுப்பு வரை பிள்ளைகள் பாடத்தை வாசித்தால் போதும். மிஞ்சிப்போனால் வாத்தியார் செய்து காட்டட்டும்.

காரைக்குடிக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் கண்டனூரிலும் இதுதான் பேச்சு. “சின்னதுகளுக்கு என்ன சோதனை? தண்ணியைக் கொட்டி வைக்கும்” என்பார்கள். அரசும் இதற்கு விலக்கில்லை. 2022 நவம்பரில் தொடங்கிய ‘வானவில் மன்றம்’ நல்ல திட்டம். பிள்ளைகள் கையாலேயே சோதனை செய்யலாம். ஆனால் அதன் கதவு ஆறாம் வகுப்பில்தான் திறக்கிறது.

செய்து காட்டினால் போதும் என்பவர்களுக்கு என் கதை ஒன்று. நான் படித்த பள்ளியில் தட்டில் தண்ணீர் ஊற்றி, நடுவில் மெழுகுவத்தி ஏற்றி, கண்ணாடித் தம்ளரைக் கவிழ்த்துக் காட்டினார்கள். சுடர் அணைந்தது, தண்ணீர் உள்ளே ஏறியது. “ஆக்சிஜன் எரிந்து தீர்ந்தது, அந்த இடத்தைத் தண்ணீர் பிடித்தது. எழுதிக்கொள்ளுங்கள்.” எழுதினேன், மதிப்பெண்ணும் வாங்கினேன்.

பல வருடம் கழித்து வீட்டில் என் மகள் அதே தம்ளருக்குள் மூன்று மெழுகுவத்தியை ஏற்றினாள். தண்ணீர் முன்னைவிட நன்றாக உயர்ந்தது. “தம்ளர் அதேதானேப்பா? காத்தும் அதே அளவுதானே?” என்றாள். எனக்குப் பதில் வரவில்லை. திரும்பத் திரும்பச் செய்து பார்த்தோம். எரியும்போது தண்ணீர் அவ்வளவாக ஏறுவதில்லை. அணைந்த பிறகுதான் விறுவிறுவென்று ஏறுகிறது. சூட்டில் விரிந்த காற்றில் கொஞ்சம் தம்ளர் விளிம்பு வழியாகக் குமிழியாக வெளியேறிவிடுகிறது. மிச்சம் குளிர்ந்து சுருங்கும்போது வெளிக்காற்று தண்ணீரை உள்ளே தள்ளுகிறது. பெரும்பங்கு வேலை இதுதான். சுடரோ ஆக்சிஜன் முழுவதும் தீருமுன்பே அணைந்துவிடும். நாற்பது பேர் கைகட்டி வேடிக்கை பார்த்ததில் ஒரு பொய் நாற்பது நோட்டில் ஏறியது. ஒரு பிள்ளை கையை விட்டதும் அது உடைந்தது.

ஆசிரியர்கள் சொல்லும் நியாயத்தையும் நான் தள்ளவில்லை. ஒருவரே இரண்டு மூன்று வகுப்பைக் கட்டி மேய்க்கும் பள்ளிகள் உண்டு. பாடமும் முடிக்க வேண்டும், பதிவேடும் நிரப்ப வேண்டும். அதனால்தான் காசும் நேரமும் அதிகம் கேட்காத ஒன்றைச் சொல்கிறேன். ஒரு குச்சி.

வெயில் விழும் மைதானத்தில், இல்லையென்றால் வீட்டு வளவு முற்றத்தில், அதைச் செங்குத்தாக நிறுத்துங்கள். பதினொன்றரையிலிருந்து கால் மணிக்கு ஒரு தரம் நிழலின் நுனியைப் பிள்ளைகள் சாக்பீஸால் குறிக்கட்டும். பன்னிரண்டு மணிக்குச் சூரியன் உச்சிக்கு வரும் என்பது நமக்கெல்லாம் மனப்பாடம். சித்திரையில் செய்து பார்த்தால் நிழல் மிகக் குறுகுவது பன்னிரண்டேகாலுக்கு. நம் கடிகாரம் 82.5 பாகைத் தீர்க்கரேகைக்கு வைத்தது. கண்டனூர் அதற்கு மேற்கே கிடக்கிறது.

தினமும் நண்பகலில் சூரியன் தலைக்கு நேர் மேலே வரும் என்பதும் பொய். இந்த ஊரில் அது வருடத்தில் இரண்டே தடவை: சித்திரை பிறந்து மூன்று நாளில், அதாவது ஏப்ரல் 16, 17 வாக்கில் ஒன்று, ஆகஸ்ட் 26 வாக்கில் இன்னொன்று. அன்று குச்சியின் நிழல் அதன் காலடியிலேயே ஒடுங்கிவிடும். இடைப்பட்ட மாதங்களில் நண்பகல் நிழல் தெற்கே விழும், மற்ற நாளெல்லாம் வடக்கே. இதைக் கண்டுபிடிக்கப் பூட்டிய அலமாரியும் வேண்டாம், ஆறாம் வகுப்பும் வேண்டாம்.

ஆகஸ்டில் பள்ளி நடக்கும். ஐந்தாம் வகுப்பை வெளியே கூட்டி வாருங்கள். “சார், கடிகாரம் தப்பா, சூரியன் தப்பா?” என்று எவளாவது ஒருத்தி கேட்பாள். உடனே பதில் சொல்லிவிடாதீர்கள். மறுநாளும் குச்சியை நடச் சொல்லுங்கள்.